ஒரே நிரை, இரண்டு கூலி

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தமிழ்ப் பெண்ணுக்கும் ஆணுக்கும் வேலை ஒன்றுதான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நின்று, கங்காணி காட்டிய நிரையில் முந்நூற்றைம்பது, நானூறு மரம் வெட்டி, மங்குகளில் இறங்கிய பாலை வாளியில் சேர்த்து, காண்டா கம்பில் தொங்கவிட்டுத் தோளில் சுமந்து ஸ்டோருக்குக் கொண்டுவந்து நிறுக்க வேண்டும். பெண் என்பதற்காக நிரையில் மரம் குறையாது. சம்பள நாளில்தான் வித்தியாசம் தெரியும்.

தமிழ்நாட்டிலிருந்து ஆள் கொண்டுவரும் செலவைத் தோட்டங்களிடம் வசூலித்து நிர்வகிக்க 1907-இல் ஒரு குடியேற்றக் குழு அமைக்கப்பட்டது. அதில் பெரும்பாலும் அதிகாரிகளும் தோட்டத் துரைமாரும் இருந்தார்கள். 1920களில் இந்தியத் தொழிலாளியின் அன்றாடக் கூலியை வரையறுக்கும் பொறுப்பும் இக்குழுவிடம் வந்தது. போக்குவரத்து வசதியுள்ள பகுதிகளில் ஆணுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று 1920களின் இறுதியில் முடிவாயிற்று. உலகப் பொருளாதார மந்தம் வந்ததும் 1930-இல் அது 40 காசும் 32 காசுமாகச் சரிந்தது. பின்னும் இறங்கி, ஏறி, 1938-இல் 45 காசும் 36 காசுமாக நின்றது. அந்த ஆண்டு கூலியை மீண்டும் குறைத்ததே இந்திய அரசு மலாயாவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதற்கு ஒரு காரணம். ஆனால் அன்றைய வாக்குவாதமெல்லாம் ஆணின் கூலியைச் சுற்றியே நடந்தது. 1936 இறுதியில் தோட்ட நிலைமையைப் பார்க்க வந்த வி.எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் பரிந்துரைத்ததும் பழைய 50, 40-க்குத் திரும்புவதைத்தான்.

பெண்ணுக்கு ஏன் குறைவு? கூலியைக் கணக்கிட்ட முறையில் இதற்கு விடை உண்டு. வெட்டிய மரத்தையோ இறக்கிய பாலையோ குழுவினர் கணக்கிடவில்லை; ஒரு மாதத்துக்கு வேண்டிய அரிசி, பருப்பு, மிளகாய், துணி ஆகியவற்றின் விலையைக் கூட்டினார்கள். பெண்ணின் பட்டியல் சிறியது, ஆகவே கூலியும் சிறியது. பால் வெட்டுவதற்குப் பலத்தைவிடக் கைப்பதம் முக்கியம். சாய்வாக ஓடும் கோட்டில் பட்டையை மெல்லியதாகச் சீவ வேண்டும். கத்தி சற்று ஆழப் பட்டால் மரம் காயப்பட்டு முடிச்சு விழும். மரத்தைக் காயப்படுத்தினால் வைதார்கள், கூலியிலும் பிடித்தார்கள். இந்த வேலையில் பெண்கள் சளைத்தவர்கள் என்று எந்தத் துரையும் அவர்களை நிரையிலிருந்து எடுத்துவிடவில்லை. கைக்குழந்தையை ஆயா கொட்டகையில் போட்டுவிட்டு வந்தவர்களும் அதே மரங்களைத்தான் வெட்டினார்கள்.

ஜப்பானியர் காலத்தில் பெண்ணின் உடல்வலு பற்றிய கேள்விக்கு வேறொரு இடத்திலிருந்து பதில் வந்தது. 1943 ஜூலையில் சுபாஷ் சந்திரபோஸ் சிங்கப்பூரில் பெண்கள் படைக்கு அழைப்பு விடுத்தார். அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணி படையின் முகாம் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவராக இருந்த லட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார். சேர்ந்தவர்களில் கணிசமானோர் மலாயாத் தோட்டங்களின் தமிழ்ப் பெண்கள். ஈப்போவிலிருந்து நவரத்தினம் குடும்பத்துச் சகோதரிகள் பொன்னம்மாவும் ராசம்மாவும் போனார்கள். துப்பாக்கி சுடுதல், துப்பாக்கிமுனைக் கத்தியால் குத்துதல், முதுகில் மூட்டையோடு நெடுந்தூர நடை எல்லாம் பயிற்சியில் இருந்தன. அதே தோட்ட லயத்துப் பெண்ணைத்தான் கூலிப் பட்டியல் முக்கால் ஆளுக்குச் சற்று மேல் என்று மதித்து வைத்திருந்தது.

1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட்டில் எல்ஃபில் தோட்டத்திலும் அருகிலும் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டே நாளில் அவசரகாலம் வந்தது. சிதறிக் கிடந்த லயங்கள் முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன. காட்டிலிருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்கு அரிசி போய்ச் சேராதபடி, வேலைக்குப் போகிறவர்களை வாசலில் தடவிச் சோதித்தார்கள். பெண்களைச் சோதிக்கப் பெண்களே வேண்டும். மலாயாக் காவல்துறை 1955-இல் முதல் பெண் இன்ஸ்பெக்டர்களைச் சேர்த்தது இந்தக் காலத்தில்தான். சமத்துவம் என்ற கொள்கையைவிட அன்றைய தேவையே அந்தக் கதவைத் திறந்துவிட்டது என்று சொல்வது பொருந்தும்.

சம ஊதியத்துக்கான போராட்டத்தைப் படித்த பெண்கள் முதலில் வென்றார்கள். ஜான்சி ராணி படையிலிருந்து திரும்பி ஆசிரியையான அதே ராசம்மா (பின்னாளில் ராசம்மா பூபாலன்) 1960-இல் பெண் ஆசிரியர் சங்கத்தைத் தொடங்கி அதன் முதல் தலைவரானார். 1960களின் முடிவில் அரசுப் பணியில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது நடைமுறைக்கு வந்தது. இன்று காவல்துறையில் கான்ஸ்டபிளாகச் சேர ஆணுக்குக் குறைந்தது 163 செ.மீ. உயரம் வேண்டும், பெண்ணுக்கு 157 போதும், சம்பளம் ஒன்றே. அங்கே உடல் அளவுகோல் இரண்டு, ஊதியம் ஒன்று. தோட்டத்தில் இருந்ததோ இதற்கு நேர்மாறு.

பேராக்கில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தபோது பலம் என்ற பேச்சு மறுபடி எழுந்தது. நீண்ட கம்பில் அரிவாள் கட்டிக் குலை வெட்டுவது ஆண் வேலையாயிற்று. கூடுதல் கூலியும் அதற்குத்தான். உதிரிப் பழம் பொறுக்குவதும் மருந்தடிப்பதும் பெண்களுக்கு வந்தன. மருந்தடிக்கும் பெண் முதுகில் சுமப்பது சுமார் 18 லிட்டர் கொள்ளும் பம்பு. பளு தூக்க மாட்டாள் என்று குலை வெட்டிலிருந்து ஒதுக்கப்பட்டவள் அவள்தான். அந்தப் பம்பில் ஊற்றப்பட்ட பாராகுவாட் களைக்கொல்லி மலேசியாவில் முழுமையாகத் தடைசெய்யப்பட்டது 2020-இல்.

சம மதிப்புள்ள வேலைக்குச் சம ஊதியம் என்ற உலகத் தொழிலாளர் அமைப்பின் 100-ஆம் உடன்படிக்கையை மலேசியா 1997-இல் ஏற்றது. 2001-இல் அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவில் பால் பாகுபாட்டுக்கு எதிரான தடையும் சேர்ந்தது. அது அரசையே கட்டுப்படுத்தும், தனியார் தோட்டத்தை நேரடியாகத் தொடாது. தனியார் முதலாளியின் பாகுபாட்டைத் தொழிலாளர் துறை விசாரிக்க வழிசெய்யும் வேலைச் சட்டத் திருத்தம் 2023 ஜனவரி 1 அன்றுதான் அமலுக்கு வந்தது. 40 காசு வாங்கியவர்களுக்கு அது வெகு தாமதமான சட்டம்.