வாயால் வந்த பெயர்

டிஸ்கஸ் மீன் வளர்ப்பவர் ஒருவர் சென்னைக் கொளத்தூரின் வண்ணமீன் கடைகளில் "பாசி தின்ன ஒரு மீன் வேண்டும்" என்று கேட்டால், கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு அசையாமல் கிடக்கும் ஒரு கரும்பழுப்பு மீனைக் காட்டுவார்கள். ஒரு கடையில் அதற்குப் பெயர் 'டேங்க் கிளீனர்'. அடுத்த கடையில் 'சக்கர்'. சற்று விவரம் அறிந்தவர்கள் 'பிளெக்கோ' என்பார்கள். முதல் பெயர் அந்த மீனிடம் நாம் எதிர்பார்க்கும் வேலையைச் சொல்கிறது. இரண்டாவது, அது ஒட்டிக்கொண்டு உறிஞ்சுவதைச் சொல்கிறது. மூன்றாவது என்ன சொல்கிறது என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. அந்த மூன்றாவது பெயரின் தடத்தைப் பிடித்துப் போனால், டிஸ்கஸ் தொட்டியில் எந்தக் கெளுத்தியை விடலாம், எதை விடக்கூடாது என்ற கேள்விக்கும் வழியில் விடை கிடைத்துவிடும்.

பிளெக்கோ என்பது ஒரு குறுக்கம். முழுச்சொல் பிளெக்கோஸ்டோமஸ். கிரேக்க மொழியில் 'பிளெக்கோ' என்ற வினைக்குப் பின்னுதல், முறுக்குதல் என்று பொருள். 'ஸ்டோமா' என்றால் வாய். சேர்த்துச் சொன்னால் மடிவாயன். தலையின் அடிப்பக்கத்தில், வட்டமாக மடிந்து விரியும் உதடுகளைப் பார்த்து வைத்த பெயர். மீன் வளர்ப்புக் கடைகளுக்கு வந்தபோது இந்த நீளச்சொல் தாங்கவில்லை. அமெரிக்கர்கள் பின்பாதியை உதறிப் பிளெக்கோ ஆக்கினார்கள். ஆங்கிலேயர்கள் அதையும் கத்தரித்துப் 'பிளெக்' என்றார்கள். ஆக, வாயைக் குறித்த பாதி உதிர்ந்துபோய், மடிப்பைக் குறித்த பாதி மட்டும் எஞ்சியது.

பிளெக்கோஸ்டோமஸ் என்ற முழுச்சொல்லை 1754-இல் அச்சேற்றியவர் லைடன் நகரத்து டச்சு இயற்கையியலர் கிரோனோவியஸ். நான்கு ஆண்டுகள் கழித்து, 1758-இல், உயிரினங்களுக்கு இருசொல் பெயர் சூட்டும் முறையை விலங்குலகம் முழுவதற்கும் விரித்த லின்னேயஸ், அதே சொல்லை இனப்பெயராக எடுத்துக்கொண்டார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த பேரினம் வியப்பானது. 'அசிபென்சர் பிளெக்கோஸ்டோமஸ்' என்று எழுதினார். அசிபென்சர் என்பது கேவியர் முட்டைக்குப் பேர்போன ஸ்டர்ஜன் மீனின் பேரினம். ஐரோப்பிய ஆறுகளின் ஸ்டர்ஜனுக்கும் தென் அமெரிக்காவின் சூரினாமிலிருந்து வந்த இந்த மீனுக்கும் உறவு எதுவும் இல்லை. உடலில் எலும்புத் தகடு வரிசை, தலைக்கு அடியில் வாய் ஆகிய இரண்டும் இரண்டு மீனுக்கும் பொது. அந்தத் தோற்ற ஒற்றுமை போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

ஸ்டர்ஜன் உறவு நிலைக்கவில்லை. அதே 1758-இல் லின்னேயஸ் 'லொரிகேரியா' என்று இன்னொரு பேரினம் வகுத்திருந்தார். லத்தீனில் 'லோரிகா' என்றால் ரோமானியப் போர்வீரன் மார்பில் அணியும் கவசம். அதன் வேர், தோல்வாரைக் குறிக்கும் 'லோரும்'. இந்தக் கவசச் சொல்லிலிருந்துதான் இன்று லொரிகேரியிடே என்ற குடும்பப் பெயர் பிறந்திருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்களைக் கொண்ட இதுவே கெளுத்திகளில் மிகப் பெரிய குடும்பம். நம் ஆற்றுக் கெளுத்திக்குச் செதில் கிடையாது, வழவழப்பான தோல்தான். அதன் இந்தத் தூரத்து உறவினர்களோ உடல் முழுக்க எலும்புத் தகடு போர்த்தியவர்கள். ஜெர்மானியர்கள் இவற்றை இன்றும் 'ஹார்னிஷ்வெல்ஸ்', கவசக் கெளுத்தி, என்றே அழைக்கிறார்கள்.

1803-இல் பிரெஞ்சு இயற்கையியலர் லாசெபேட் 'ஹைப்போஸ்டோமஸ்' என்ற பேரினத்தை உருவாக்கினார். 'ஹைப்போ' கீழே, 'ஸ்டோமா' வாய்; கீழ்வாயன். கிரோனோவியஸின் பிளெக்கோஸ்டோமஸ் பேரினப் பெயராக நிற்காமல் இனப்பெயராக மட்டும் தங்கியது. அதனால் அந்தச் சூரினாம் மீனின் இன்றைய முழுப்பெயர் ஹைப்போஸ்டோமஸ் பிளெக்கோஸ்டோமஸ். கீழ்வாயன் மடிவாயன் என்று இரண்டு முறையும் வாயையே சொல்கிறது. லாசெபேட் தன் பேரினத்தில் ஒரு மீனுக்கு 'குவாக்காரி' என்று பெயரிட்டதும் கவனிக்கத்தக்கது. அது கிரேக்கமுமில்லை, லத்தீனுமில்லை; பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழிச் சொல். டச்சுக்காரர்கள் வடகிழக்குப் பிரேசிலை ஆண்ட காலத்தில் அங்கே ஆய்வு செய்த மார்க்கிரேவ் இச்சொல்லைக் குறித்துக்கொண்டார். அவருடைய நூல் 1648-இல் வெளிவந்தது.

இந்தக் குவாக்காரிதான் இன்றைய பிரேசிலின் 'அக்காரி'. அதே துப்பியிலிருந்து வந்த இன்னொரு சொல் 'அக்காரா'. சிக்லிட் குடும்பத்து மீன்களுக்கு ஆனது. டிஸ்கஸும் சிக்லிட்தான் என்பதால் பிரேசிலில் அதன் பெயர் 'அக்காரா டிஸ்கோ'. இங்கே ஒரே தொட்டியில் விடலாமா என்று நாம் கேட்கும் இரண்டு மீனும், சொந்த ஊரில் ஒரே மொழியின் ஓரெழுத்து வித்தியாசத்தில் நிற்கின்றன. ஒரே ஆற்றுப்படுகையின் பிள்ளைகள்தானே, ஒத்துப்போகாதா என்று தோன்றலாம். அமேசானில் டிஸ்கஸுக்கு ஒதுங்க இடம் உண்டு, அக்காரிக்கு மேய மரக்கட்டை உண்டு. நான்கு கண்ணாடிச் சுவருக்குள் இரண்டுமே சுருங்கிவிடுகின்றன.

தாயகத்து மற்றப் பெயர்களும் உடம்பைப் பற்றியவையே. போர்த்துகீசியத்தில் 'காஸ்குடோ', தடித்த தோடு உடையது. அர்ஜென்டினாவில் 'வியேஹா டெல் அகுவா', தண்ணீர்க் கிழவி. பெருவில் 'கராச்சாமா', அங்கே இது சாப்பாட்டு மீன், சாறு வைத்துக் குடிக்கிறார்கள். இந்த ஊர்களில் யாரும் அதைத் துப்புரவுப் பணியாளராகப் பார்க்கவில்லை.

கடல் தாண்டியதும் பெயரின் குணம் மாறிவிட்டது. பிலிப்பைன்ஸில் 'ஜானிட்டர் ஃபிஷ்', துப்புரவாளர் மீன். இந்தோனேசியாவில் 'இக்கான் சாப்பு சாப்பு', துடைப்ப மீன். சீனத்தில் 'சிங்தாவ்ஃபூ', தெருக்கூட்டுபவர். மலேசியத் தமிழர்கள் கேட்டுப் பழகிய 'இக்கான் பண்டாராயா' என்பதோ மாநகர மீன். ஊரைக் கூட்டுவது மாநகராட்சி என்பதால் வந்த பெயர். கொளத்தூரின் டேங்க் கிளீனர் இந்த வரிசையில் சேர்ந்துகொள்கிறது. மொழி வேறு, நாடு வேறு, எண்ணம் ஒன்றுதான். மீனை வாங்கினால் தொட்டியைத் துடைக்கும் வேலை மிச்சம்.

வேலையைப் பெயராக வைத்ததில்தான் டிஸ்கஸ் வளர்ப்பவருக்குச் சிக்கல் தொடங்குகிறது. கடைகளில் பிளெக்கோ என்று விற்கப்படுவது பெரும்பாலும் லின்னேயஸின் மடிவாயனே கிடையாது. அதன் உறவான டெரிகோப்ளிக்திஸ். முதுகுத் துடுப்பை விரித்து எண்ணினால் தெரியும்: ஹைப்போஸ்டோமஸுக்கு மென்கதிர்கள் ஏழோ எட்டோ, இதற்கு ஒன்பதுக்குக் குறையாது. 1858-இல் தியோடோர் கில் வைத்த இந்தப் பெயரில் துடுப்பு, ஆயுதம், மீன் என்ற மூன்று கிரேக்கச் சொற்கள் இருக்கின்றன. விரல்நீளக் குஞ்சாக வாங்கியது ஓரடியைத் தாண்டி வளரும். குஞ்சாக இருக்கையில் பாசியை மும்முரமாக மேயும். வளர வளர அதில் ஆர்வம் குறைந்து, அடியில் விழும் இறைச்சித் தீவனத்தைத் தேடும்.

டிஸ்கஸ் தொட்டியின் ஏற்பாடு இதை இன்னும் மோசமாக்குகிறது. தண்ணீர் 28 முதல் 30 டிகிரி செல்சியஸ், பலர் மணலே போடாமல் வெறும் அடித்தளம் வைப்பார்கள், வெளிச்சம் மங்கல். பாசி வளர வழியில்லாத இடம். பசித்த பிளெக்கோ இருட்டிய பின் சுறுசுறுப்படையும் உயிரி. அந்நேரம் தட்டுப்போல் அகன்ற உடலோடு அசையாமல் உறங்கும் டிஸ்கஸ் அதற்கு இன்னொரு பரப்பு, அவ்வளவே. ஒட்டிக்கொண்டு மேல்தோலின் கோழையைச் சுரண்டுகிறது. டிஸ்கஸின் கோழை சாதாரணப் பொருளும் இல்லை. முட்டையிலிருந்து வந்த குஞ்சுகள் முதல் நாட்களில் தாய் தந்தை இருவரின் உடலிலும் சுரக்கும் அந்தக் கோழையைத் தின்றே வளர்கின்றன. 1959-இல் ஹில்டெமன் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார். குஞ்சுகளுக்கு ஊட்டமாவது பிளெக்கோவுக்கும் ஊட்டம்தான். காலையில் டிஸ்கஸின் பக்கவாட்டில் வட்டமான வெளிறிய தடம் தெரிந்தால் காரணம் தேட வேண்டியதில்லை. அந்தப் புண் வழியாகக் கிருமி நுழையும்.

தொட்டிக்குப் பெரிதாகிப்போன மீனைக் கால்வாயிலும் ஏரியிலும் கொட்டியவர்களால் பெயர் இன்னொரு முறை மாறியது. டெரிகோப்ளிக்திஸ் காற்றை விழுங்கி இரைப்பை வழியே ஆக்சிஜன் எடுத்துக்கொள்ளும். சாக்கடை நீரிலும் பிழைக்கும். திருவனந்தபுரத்துச் சாக்கைக் கால்வாயிலும், கொல்கத்தாவின் ஈரநிலங்களிலும், வாரணாசி அருகே கங்கையிலும் இது பதிவாகியிருக்கிறது. மெக்சிகோவின் இன்ஃபியெர்னில்லோ அணையில் வலைகளை நிறைத்து மீனவர்களின் பிழைப்பைக் கெடுத்தபோது அங்கே கிடைத்த பெயர் 'பெஸ் டியாப்லோ', சாத்தான் மீன். துப்புரவாளர் இங்கே சாத்தானாகிவிட்டார்.

அப்படியானால் டிஸ்கஸோடு எதை வைப்பது? இங்கேயும் உடம்பைச் சொல்லும் பெயர்கள் உதவுகின்றன. 'ஆன்சிஸ்ட்ரஸ்' என்பது தூண்டில் முள்ளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து ருடால்ஃப் க்னெர் 1854-இல் உண்டாக்கிய பெயர். கன்னத்தில் விரியும் கொக்கி முட்கள்தான் காரணம். கடைகளில் பிரிசில்நோஸ், ஆண்மீனின் மூக்கில் கொத்தாக முளைக்கும் தசைக் கொம்புகளைப் பார்த்து வைத்தது. பெரும்பாலானவை 12 முதல் 15 சென்டிமீட்டரோடு நின்றுவிடும், பெரிதான பின்னும் பாசியை விடாது. 28 டிகிரி அளவில் வைக்கும் டிஸ்கஸ் தொட்டிக்குப் பலர் தேர்ந்தெடுப்பது இதைத்தான். ஒரு மரத்துண்டும், இரவில் ஒரு வெள்ளரித் துண்டும், நல்ல காற்றோட்டமும் கொடுத்தால் போதும். சூடான நீரில் ஆக்சிஜன் குறைவு என்பதை மறக்கக் கூடாது.

'ஓட்டோசின்க்லஸ்' 1871-இல் எட்வர்டு கோப் வைத்த பெயர். 'ஓட்டோ' காது, பின்பாதி சல்லடை. காதருகே உள்ள தலைத்தகடுகளில் துளைகள் இருப்பதால் வந்தது. நான்கு சென்டிமீட்டர் அளவுள்ள சாதுவான மீன். பாசியை நம்பியே வாழும். அதுவே அதன் பலவீனமும்: பாசியில்லாத டிஸ்கஸ் தொட்டியில் பட்டினி கிடக்கும், 30 டிகிரிச் சூடும் அதற்கு ஏற்காது. செடி வைத்து, பழகிப் பாசி படிந்த, சற்றுக் குளிர்ந்த தொட்டிக்குத்தான் அது பொருந்தும்.

'ஸ்டுரிசோமா' என்ற சாட்டைவால் கெளுத்தியின் பெயரில் லின்னேயஸின் பழைய குழப்பம் மறுபடி தலைகாட்டுகிறது; லத்தீனில் 'ஸ்டுரியோ' ஸ்டர்ஜன், கிரேக்கத்தில் 'சோமா' உடல். ஸ்டர்ஜன் உடலன். மெலிந்த, பொறுமையான மீன். டிஸ்கஸோடு பொதுவாக உரசாது.

பெயரை நம்பி ஏமாற வேண்டாத இன்னொன்று 'சைனீஸ் ஆல்கே ஈட்டர்'. அது கெளுத்தியே கிடையாது, கெண்டை வகையின் உறவு. தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா ஆறுகளில் மிகுதியாக இருப்பது. வளர்ந்தபின் பாசியில் நாட்டமும் குறைந்துவிடும். தன் அறிவியல் பெயரான 'கைரினோகைலஸ்' சொல்வதுபோல் தலைப்பிரட்டை உதட்டை வைத்து டிஸ்கஸின் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும். வாயை எடுக்காமலேயே செவுள் மேலுள்ள தனித் துளையால் நீரை இழுத்து மூச்சுவிடும் என்பதால் விடாப்பிடியாக ஒட்டும்.

சொல்லால் சமாளிக்க முடியாத கட்டத்தில் ஜெர்மானியர்கள் எண்ணுக்குத் தாவினார்கள். அறிவியலர் பெயர் வைப்பதற்குள் புதுப்புதுக் கவசக் கெளுத்திகள் ஏற்றுமதியாகிக் குவிந்தன. 'டாட்ஸ்' என்ற மீன்வளர்ப்பு இதழ் 1988-இல் 'எல்' எண் வரிசையைத் தொடங்கியது. ஷிங்கு ஆற்றின் கறுப்பு வெள்ளைக் கோட்டழகன் எல் 46. 1991-இல்தான் அதற்கு ஹைபான்சிஸ்ட்ரஸ் ஸீப்ரா என்ற பெயர் வந்தது. சூடான நீரைத் தாங்கும், டிஸ்கஸோடு இருக்கும். ஆனால் அது தேடுவது இறைச்சி உணவை, பாசியைத் தொடாது. அதையும் பிளெக்கோ என்றே விற்கிறார்கள்.

ஆகவே பிளெக்கோ என்ற சொல் மட்டும் தெரிந்து கடைக்குப் போவதில் பயன் குறைவு. ஆயிரம் இனங்களைக் கொண்ட குடும்பத்தின் வாயை மட்டுமே அது குறிக்கிறது; அந்த வாய்க்குள் போவது பாசியா, மரமா, இறைச்சியா, டிஸ்கஸின் கோழையா என்பதைச் சொல்வதில்லை. பேரினப் பெயரையோ எல் எண்ணையோ கேளுங்கள். பெரிதானால் எவ்வளவு, எந்தச் சூடு வரை தாங்கும், வளர்ந்தபின் என்ன தின்னும் என்ற மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். பதிலாக 'டேங்க் கிளீனர்' என்பது மட்டும் வந்தால், அன்றைக்கு மீன் வாங்காமல் கண்ணாடி துடைக்கும் காந்தத் துடைப்பானை வாங்கிக்கொண்டு திரும்புவது டிஸ்கஸுக்கு நல்லது.