குளிர்காலத்தில் தூங்கப் போகும் பைக்கும் அதன் பேட்டரியும்



சென்ற நவம்பரில் ஜெர்மனியில் படிக்கும் என் பெரியப்பா மகன் ஒரு படம் அனுப்பியிருந்தார். புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில், அகராதிக்குப் பக்கத்தில், ஒரு பைக் பேட்டரி! "என்ன அண்ணா, பேட்டரியையும் வீட்டுக்குள்ளே குடி வைத்துவிட்டீர்களா?" என்று கேட்டேன். "சிரிக்காதேடா. போன வருஷம் வண்டியிலேயே விட்டுட்டேன். மார்ச்சில் போய்ப் பார்த்தால் பெட்டி வீங்கி, விரிசல் விட்டுக் கிடந்தது. குளிர் கொன்னுடுச்சு" என்றார்.

நம் ஊரில் பைக்கை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்கள் குறைவு. அங்கே அது சாதாரணம். ஜெர்மனியில் 1997 மார்ச் மாதம் முதல் பருவகால நம்பர் பிளேட் என்றே ஒன்று உண்டு. பிளேட்டின் ஓரத்தில் 04, 10 என்று இருந்தால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான் அந்த வண்டி ஓடலாம். வரியும் காப்பீட்டுத் தொகையும் அந்த மாதங்களுக்கு மட்டும். மீதி 5 மாதம் பொதுச் சாலையில் நிறுத்தி வைக்கக்கூட முடியாது. வண்டி கொட்டகையில் தூங்கும்.

அப்படித் தூங்கும் வண்டியில் முதலில் சாவது ஏன் பேட்டரி? உண்மையிலேயே குளிர்தான் அதைக் கொல்கிறதா? இதைத் தேடப் போய்த்தான் இந்தக் கட்டுரை.

பேட்டரியே வேண்டாத காலம்

ஆரம்பத்தில் பைக்குக்கு இந்தப் பிரச்சினை பெரிதாக இல்லை. 1897ல் ராபர்ட் போஷின் பட்டறை, ஒரு மூன்று சக்கர மோட்டார் வண்டியின் எஞ்சினில் மேக்னெட்டோவைப் பொருத்திக் காட்டியது. காந்தமும் கம்பிச்சுருளும் சேர்ந்து, எஞ்சின் சுற்றும்போது தானே தீப்பொறியை உண்டாக்கும் கருவி அது. பிறகு வந்த பைக்குகள் பலவற்றில் தீப்பொறிக்கு மேக்னெட்டோ, வெளிச்சத்துக்குக் கார்பைடு விளக்கு, கிளப்புவதற்கு மனிதனின் கால். அந்த வண்டியைப் பனிக்காலம் முழுவதும் மூடி வைத்தாலும் வசந்தத்தில் உதைத்தால் கிளம்பிவிடும். வடிந்து போக அதில் பேட்டரியே கிடையாதே!

1914ல் அமெரிக்காவின் இந்தியன் நிறுவனம் ஒரு துணிச்சல் செய்தது. ஹெண்டீ ஸ்பெஷல் என்ற பைக்கில் செல்ஃப் ஸ்டார்ட்டரை வைத்தது. காடிலாக் கார்களில் செல்ஃப் வந்து அப்போது இரண்டே வருடம்தான் ஆகியிருந்தது. யோசனை நல்ல யோசனை. ஆனால் பைக்கில் வைக்கக்கூடிய அளவில் அன்று கிடைத்த பேட்டரிகளால் அந்தச் சுமையைத் தாங்க முடியவில்லை. சீக்கிரமே அந்த மாடலைக் கைவிட்டார்கள். பைக் உலகம் மறுபடி காலை நம்பியது.

ஈயமும் ஆசிட்டும்

பேட்டரியின் கதை இதைவிடப் பழையது. 1859ல் பிரான்சில் காஸ்தோன் பிளாந்தே இரண்டு ஈயத் தகடுகளைச் சுருட்டி, நீர்த்த கந்தக அமிலத்தில் வைத்து, திரும்பத் திரும்பச் சார்ஜ் செய்யக்கூடிய முதல் பேட்டரியை உருவாக்கினார். 1881ல் காமீல் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கண்டுபிடித்தார். இன்று வண்டிகளில் இருக்கும் ஈய பேட்டரிகள் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

அண்ணனின் கேள்விக்கு விடை இந்த வேதியியலில்தான் இருக்கிறது. பேட்டரி மின்சாரம் கொடுக்கும்போது இரண்டு தகடுகளிலும் ஈய சல்ஃபேட் படிகிறது. ஆசிட்டின் செறிவு குறைந்து, உள்ளே தண்ணீர் கூடுகிறது. முழுச் சார்ஜில் இருக்கும் ஆசிட் மைனஸ் 50 டிகிரியில்கூட உறையாது. முற்றிலும் வடிந்த பேட்டரியில் இருப்பதோ கிட்டத்தட்ட தண்ணீர். அது மைனஸ் 10 டிகிரியை ஒட்டியே உறைந்துவிடலாம். பனிக்கட்டி விரிவடைந்ததும் தகடு வளைகிறது, பெட்டி பிளக்கிறது.

உறையாவிட்டாலும் தப்பில்லை என்று நினைக்க வேண்டாம். வடிந்த நிலையில் வாரக்கணக்கில் கிடந்தால் சல்ஃபேட் பெரிய படிகங்களாக இறுகிவிடும். பிறகு சார்ஜ் போட்டாலும் முழுதாகக் கரையாது.

இதில் எனக்கு ஆச்சரியமான விஷயம் ஒன்று. சும்மா இருக்கும்போது பேட்டரி தானாக வடிவது குளிரில் குறைகிறது. வெப்பநிலை 10 டிகிரி இறங்கினால் வடியும் வேகம் ஏறக்குறைய பாதியாகும். ஆக, சார்ஜ் நிறைந்த ஈய பேட்டரிக்குக் குளிர்ந்த அறை நல்ல படுக்கை. அண்ணனின் பேட்டரியைக் கொன்றது குளிர் மட்டும் இல்லை, அது வெறும் வயிற்றோடு தூங்கப் போனதுதான்!

பேட்டரிக்கு விடுதி

நூறு வருடத்துக்கு முன்பே இது தெரிந்திருக்கிறது. 1920களில் அமெரிக்காவில் பலர் பனிக்காலத்தில் காரை நிறுத்திவிட்டு, பேட்டரியைக் கழற்றிப் பேட்டரிக் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு முறைகள் இருந்தன. ஒன்று, ஆசிட்டோடு வைத்து அவ்வப்போது சார்ஜ் ஏற்றுவது. மற்றொன்று, பேட்டரியையே பிரித்து, தகடுகளைக் கழுவி உலர்த்தி வைத்து, வசந்தத்தில் புது ஆசிட் ஊற்றிச் சேர்த்துத் தருவது.

சிமெண்டுத் தரையில் பேட்டரியை வைக்காதே என்ற அறிவுரையும் பழைய காலத்ததுதான். அன்றைய பேட்டரிகளில் மரப்பெட்டி இருந்தது, பிறகு கடின ரப்பர் பெட்டி வந்தது. ஈரத் தரை அவற்றைக் கெடுக்க வழி இருந்தது. இன்று பெட்டி பிளாஸ்டிக். தரை எதுவும் செய்யாது. ஆனாலும் அறிவுரை மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது.

பொத்தான் வந்தது, கால் போனது

1958ல் ஹோண்டா சி 71 மாடலில் செல்ஃப் ஸ்டார்ட்டரைக் கொடுத்தது. 1965ல் ஹார்லி டேவிட்சன் தன் பெரிய பைக்குக்குச் செல்ஃப் வைத்து, அதற்கு எலக்ட்ரா கிளைடு என்று பெயரே சூட்டிவிட்டது. 1969ல் வந்த ஹோண்டா சிபி 750ல் செல்ஃபும் இருந்தது, கிக்கரும் இருந்தது. அதன் பிறகு பெரிய பைக்குகளிலிருந்து கிக்கர் கொஞ்சம் கொஞ்சமாக மறைந்தது. நம் சென்னையில் பிறக்கும் ராயல் என்ஃபீல்டிலும் 2020ல் வந்த மீட்டியர் 350க்குக் கிக்கர் கிடையாது.

வசதிதான். ஆனால் பேட்டரி இல்லையென்றால் வண்டி இல்லை என்ற நிலையும் கூடவே வந்துவிட்டது. போதாததற்கு அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டர் எல்லாம் வண்டி தூங்கும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக உறிஞ்சும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: வெறும் 5 மில்லி ஆம்பியர்தான் என்றாலும் 90 நாளில் 10.8 ஆம்பியர் மணி போய்விடும். பல பைக் பேட்டரிகளின் மொத்தக் கொள்ளளவே அவ்வளவுதான்!

பேட்டரி மாறியது, அறிவுரை மாறவில்லை

1957ல் ஜெர்மனியின் சொன்னென்ஷைன் நிறுவனத்தில் ஓட்டோ யாஹே ஆசிட்டைக் கூழாக்கி ஜெல் பேட்டரியைச் செய்தார். 1970களில் கண்ணாடி இழை விரிப்பு ஆசிட்டை உறிஞ்சி வைத்திருக்கும் ஏ.ஜி.எம். பேட்டரி வந்தது. இரண்டிலும் டிஸ்டில்டு வாட்டர் ஊற்றும் வேலை இல்லை, திறக்கவும் கூடாது. பழைய சார்ஜரை இரவும் பகலும் மாட்டி வைத்தால் உள்ளே இருக்கும் ஈரம் வாயுவாகிப் போய்விடும், திரும்ப நிரப்பவும் முடியாது. அதனால்தான் நிறைந்ததும் தானே சுமார் 13.5 வோல்ட்டுக்கு இறங்கிக் காவல் காக்கும் சார்ஜர்கள் வந்தன.

1990களில் ஜான் குட்இனஃப் குழு கண்டறிந்த பொருளை வைத்து, பிறகு லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரிகள் பைக்குக்கு வந்தன. இவற்றின் குணம் நேர் எதிர். பூஜ்யம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் பழுதாகும். ஈயத்துக்குச் சொன்ன புத்திமதியை இதற்குச் சொல்லக் கூடாது.

ஆக, குளிர் நாட்டில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால், நான் புரிந்துகொண்டது இவ்வளவுதான்:

1. நிறுத்தும் முன் முழுச் சார்ஜ். ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும்.
2. கழற்றும்போது முதலில் நெகட்டிவ், மாட்டும்போது முதலில் பாசிட்டிவ்.
3. உறையாத, உலர்ந்த இடத்தில் வையுங்கள். மாதம் ஒருமுறை வோல்ட் பாருங்கள். குறைந்தால் அந்த வகைக்கு ஏற்ற சார்ஜரைப் போடுங்கள்.
4. வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் ஓடவிடுவது உதவாது. செல்ஃப் தின்றதை அந்த ஐந்து நிமிடம் திருப்பித் தராது. சைலன்சருக்குள் ஈரம் சேர்வதுதான் மிச்சம்.

இந்த வருடம் மார்ச் கடைசியில் அண்ணன் பேட்டரியை அலமாரியிலிருந்து எடுத்து அளந்து பார்த்தார். 12.7 வோல்ட். ஏப்ரல் முதல் தேதி பொத்தானை ஒரே ஒரு தடவை அழுத்தினாராம். அதற்குச் சாட்சியாக எனக்கு வந்தது படம் இல்லை, எஞ்சின் சத்தம்!