1199 சிசி: நம்மூர் ஹாட் ஹேட்ச்சின் சின்ன வரலாறு

மாருதி ஸ்விஃப்ட் 2005 மே மாதம் வந்தபோது அதன் பெட்ரோல் இன்ஜின் 1298 சிசி. 2010-ல் அதே ஸ்விஃப்ட்டின் பானெட்டைத் திறந்தால் உள்ளே 1197 சிசி இன்ஜின். கார் சின்னதாகவில்லை, அதில் ஏறுகிற ஆட்கள் இளைக்கவில்லை, இன்ஜின் மட்டும் 101 சிசி சுருங்கிவிட்டது. பிஎஸ்4 மாசு விதிக்குப் புது இன்ஜின் தேவைப்பட்டது, சரி. ஆனா ஏன் 1250 இல்லை, 1300 இல்லை, குறிப்பா 1197?

இது சும்மா வந்த கேள்வி இல்லைங்க. ஆறு மாசமா கார் தேடிட்டு இருக்கேன், அதுவும் ஹாட் ஹேட்ச். தெரியாதவங்களுக்கு: வீட்டுக்குப் போதுமான சின்ன கார், பின்னால் தூக்குற கதவு, உள்ளே தேவைக்கு மேல கொஞ்சம் இன்ஜின். உழவர் சந்தைக்கும் போகும், ஞாயித்துக்கிழமை காலையில் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் முக்காமல் ஏறும். நாற்பதைத் தாண்டின ஆளுக்கு எதுக்கு இதுன்னு வீட்டில் கேட்டாச்சு. பொண்ணு ப்ளஸ் ஒன் படிக்கிறா. இன்னும் ஒன்றரை வருஷத்தில் காலேஜ் செலவு ஆரம்பிச்சுடும். அதனால "இப்போ இல்லைன்னா எப்பவும் இல்லை"ன்னு நான் சொன்னேன். "சரி, ரோட்டில் இறங்கும்போது 12 லட்சம், அதுக்கு மேல ஒரு ரூபாய் கிடையாது"ன்னு பதில் வந்தது. நம்ம வேலையில் இதுக்கு ஹார்டு லிமிட்னு பேரு.

எது வாங்கினாலும் அதோட வரலாற்றைத் தோண்டாமல் என்னால் வாங்க முடியாது. தோண்டினால் எங்கே பார்த்தாலும் அந்த 1200-தான் நிற்குது.

2006 பிப்ரவரி 28. நிதியமைச்சர் ப. சிதம்பரம் பட்ஜெட்டில் சின்ன கார்களுக்கு உற்பத்தி வரியை 24 சதவீதத்திலிருந்து 16-ஆகக் குறைத்தார். சின்ன கார் என்றால் என்ன? நீளம் 4000 மில்லிமீட்டருக்குள், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள், டீசல் என்றால் 1500 சிசிக்குள். அவ்வளவுதான் வரையறை. 2008-ல் அந்த 16-ம் 12 ஆனது. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது பழைய வரிகளெல்லாம் போச்சு, இந்த ரெண்டு கோடு மட்டும் அப்படியே புது சட்டத்துக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் கோட்டுக்கு உள்ளே இருந்த பெட்ரோல் காருக்கு 28 சதவீதமும் செஸ் 1 சதவீதமும் சேர்ந்து 29 ஆக இருந்தது. கோட்டைத் தாண்டினால் செஸ் மட்டுமே 17-ல் ஆரம்பித்தது.

ஒரு if கண்டிஷன் எழுதினால் டெஸ்ட் பண்றவன் அதன் எல்லையில்தான் போய் நிற்பான். கார் கம்பெனிகளும் அதைத்தான் செய்தன. ஹூண்டாய் ஐ20-யின் கப்பா இன்ஜின் 1197. இந்தியாவுக்கு 2009-ல் வந்த ஹோண்டா ஜாஸ் 1198. 2010-ல் வந்த போலோ 1198, நிஸான் மைக்ரா 1198, ஃபோர்டு ஃபிகோ 1196. டொயோட்டா லிவா 1197. டாடாவின் ரெவோட்ரான் 1199. ஜப்பான்காரர், கொரியாக்காரர், ஜெர்மன்காரர், அமெரிக்கர், நம்மவர் எல்லாரும் ஒரே வாய்க்கால் வரப்பில் வரிசையா உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு காட்சி.

இப்போ இந்த ஜாதியின் மூதாதையைப் பார்க்கலாம். இதுதான் முதல் ஹாட் ஹேட்ச் என்று யாரைச் சொன்னாலும் சண்டை வரும். சிம்கா 1100 டிஐ என்பார்கள், பிரான்ஸ்காரர் ரெனோ 5 ஆல்பைன் என்பார்கள். ஆனால் அந்த வகைக்கு உலகம் முழுக்க முகம் கொடுத்தது ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐ. கம்பெனிக்குள்ளேயே ஒரு சின்னக் குழு, மேலிடத்துக்குச் சொல்லாமல், வேலை நேரம் போக மீதி நேரத்தில் ஆரம்பித்த ப்ராஜெக்ட் அது. 1975 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் காட்டினார்கள், 1976-ல் விற்பனை. 5000 கார் விற்றால் போதும் என்று கணக்கு. அந்த முதல் தலைமுறை மட்டுமே நாலரை லட்சத்துக்கு மேல் ஓடியது. 1588 சிசி, 110 குதிரைத்திறன், எடை சுமார் 810 கிலோ. கட்டம் போட்ட சீட் துணியையும் கோல்ஃப் பந்து மாதிரியான கியர் குமிழையும் யோசித்தவர் குன்ஹில்ட் லிலியக்விஸ்ட் என்ற பெண் வடிவமைப்பாளர். அந்தக் குமிழ் இன்னிக்கும் ஹாட் ஹேட்ச் ரசிகர்களுக்கு ஒரு சாமி சிலை.

அதன் நீளம் 3.7 மீட்டர். நம்ம சட்டத்தில் நீளத்தில் பாஸ். 1588 சிசி என்பதால் மொத்தத்தில் ஃபெயில். அதாவது உலகின் புகழ்பெற்ற சின்ன கார் ஒன்று இந்தியச் சட்டப்படி சின்ன கார் கிடையாது.

கோடு வருவதற்கு முன்னால் நம்மிடமும் அந்த மாதிரி ஒன்று இருந்தது. 2001-ல் ஃபியட் கொண்டுவந்த பாலியோ 1.6 ஜிடிஎக்ஸ். 1596 சிசி, 100 குதிரைத்திறன். டெண்டுல்கர் பேரில் எஸ்10 என்று ஒரு ஸ்பெஷல் கூட விட்டார்கள். பெட்ரோலைக் குடிக்கும் என்று ஊர் முழுக்கப் பேர். எங்க காலேஜ் பக்கம் ஒரு சிவப்பு ஜிடிஎக்ஸ் வரும். அதைப் பார்க்கவே டீக்கடையில் நிற்போம். அதன் தோல்விக்கு வரி காரணம் இல்லை, மைலேஜும் சர்வீஸும்தான் காரணம் என்பது என் கருத்து. ஆனால் அதன் பிறகு அந்த மாதிரி பெரிய இன்ஜினைச் சின்ன காரில் போட இங்கே யாருக்கும் கை வராமல் போனதற்கு 2006-ம் ஒரு காரணம்.

அப்புறம் எப்படி நம்மூரில் ஹாட் ஹேட்ச் பிழைத்தது? சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. சட்டம் சிலிண்டரின் கொள்ளளவைத்தான் அளக்குது, அதுக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு அளக்கறதில்லை. டர்போ வைத்தால் அதே 1200 சிசிக்குள் அதிகக் காற்றை அமுக்கித் திணிக்கலாம். காற்று அதிகமானால் பெட்ரோலும் அதிகம் எரியும், இழுவை கூடும். ஜப்பானில் இது முன்னாடியே நடந்த கதை. அங்கே கேய் கார் என்ற குட்டி வகைக்குத் தனி வரி. அந்த 550 சிசி எல்லைக்குள் டர்போ வைத்து 1987-ல் சுசுகி ஆல்டோ வொர்க்ஸ் 64 குதிரைத்திறன் எடுத்தது. நம்ம மாருதி 800-ன் பங்காளிதான் அது. போட்டி கையை மீறிப் போகும் என்று கம்பெனிகளே கூடி அந்த 64-ஐ உச்சவரம்பாக வைத்துக்கொண்டன.

இங்கே அந்தச் சந்தில் முதலில் ஒழுங்காக நுழைந்தது 2013-ன் போலோ ஜிடி டிஎஸ்ஐ. 1197 சிசி, டர்போ, 105 குதிரைத்திறன், 7 கியர் டிஎஸ்ஜி. 2017-ல் பலேனோ ஆர்எஸ், 998 சிசி. 2021-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தயாராகும் ஐ20 என்-லைன், 998 சிசி, 120 குதிரைத்திறன். 2024 ஜூனில் டாடா ஆல்ட்ராஸ் ரேசர், 1199 சிசி, அதே 120. சந்தில் நுழையாமல் நேர் வழியில் வந்தவை ரெண்டு. 2015-ன் அபார்த் புன்டோ, 1368 சிசி, 145 குதிரைத்திறன், 9.95 லட்சம். தைரியமான வண்டி. ஆனால் பிஎஸ்6 வந்தபோது இங்கே ஃபியட் கார்களே இல்லை. இன்னொன்று 2016-ல் இறக்குமதியான போலோ ஜிடிஐ. 1.8 லிட்டர், மூணு கதவு, 25.99 லட்சம். போலோவுக்கு 26 லட்சமான்னு அன்னிக்குச் சிரிச்சவங்களில் நானும் ஒருத்தன்.

என் மனசுக்கு நெருக்கமானது இவை எதுவும் இல்லை, டியாகோ ஜேடிபி. கோயம்புத்தூரில் பந்தய ஓட்டுநர் ஜே. ஆனந்தின் ஜெயம் ஆட்டோமோட்டிவ்ஸும் டாடாவும் கூட்டுச் சேர்ந்து 2018 அக்டோபரில் விட்டது. 1199 சிசி டர்போ, 114 குதிரைத்திறன், விலை 6.39 லட்சம். பின்னணி தெரிந்தால்தான் அதன் அருமை புரியும். மாருதி 800-ன் இன்ஜினை எடுத்து ஒற்றை இருக்கைப் பந்தய கார் செய்து, அதற்கு ஃபார்முலா மாருதி என்று பேர் வைத்து ஒரு தலைமுறைக்கே ஓட்டக் கற்றுக்கொடுத்த கரிவர்தனின் ஊர் அது. 1995-ல் அவர் இறந்தபிறகு அவர் பேரில்தான் செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே அமைந்தது. கிடைக்கிற சின்ன இன்ஜினில் பெரிய வேலை வாங்குவது கோயம்புத்தூருக்குப் பழக்கம். ஜேடிபி 2020-ல் பிஎஸ்6 வந்ததோடு நின்றுவிட்டது. பழைய வண்டி ஒண்ணு கிடைக்குமான்னு தேடினேன். விக்கிறவங்களே குறைவு.

இனி தேர்வுக்கு வருவோம். பழைய போலோ ஜிடி டிஎஸ்ஐ பட்ஜெட்டில் நன்றாகவே வரும், ஓட்ட அருமை. ஆனால் ஃபோக்ஸ்வாகன் 2013-ல் உலகம் முழுக்க 16 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இந்த 7 கியர் டிஎஸ்ஜியின் ஆயிலை மாற்றத்தான். சூடும் ஈரப்பதமும் உள்ள ஊர்களில் சிந்தெடிக் ஆயிலால் மின்கோளாறு வரலாம் என்று காரணம் சொன்னார்கள். ஆயில் மாற்றின வண்டியாகவே இருந்தாலும், பத்து வயசான சிக்கலான கியர்பாக்ஸை ஏப்ரல் மாசச் சேலத்தில், ஐந்து ரோடு சிக்னலில் நிறுத்தி நிறுத்தி ஓட்ட எனக்கு மனசு வரலை.

மிச்சம் ரெண்டு: என்-லைன், ரேசர். இங்கேதான் எந்த வேரியன்ட் என்ற கேள்வி வருது. ஐரோப்பாவில் சீட் வேணுமா, சக்கரம் எந்த அளவு, ஸ்டீரியோ எதுன்னு தனித்தனியா டிக் பண்ணலாம். நம்ம ஊரில் எல்லாம் மூட்டையாத்தான் வரும். ரேசரில் ஆர்1, ஆர்2, ஆர்3. சன்ரூஃப் ஆர்2-ல், காற்று வரும் சீட் ஆர்3-ல். சேலத்தில் மே மாசம் கூரையைத் திறந்து வைக்கறவன் யாருன்னு தெரியலை. முதுகு வேர்க்காத சீட் வேணும்னா அந்தக் கூரைக்கும் சேர்த்துக் காசு கட்டணும்.

இதை நாமக்கல் லாரி பட்டறையில் முப்பது வருஷம் தச்சு வேலை பார்த்த என் மாமாவிடம் சொன்னேன். சேசிஸ் மட்டும் வரும், கூண்டுகூட இருக்காது, டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கிட்டு காத்தையும் வெயிலையும் வாங்கிக்கிட்டே ஓட்டிட்டு வருவார். அதுக்கு மேல கேபின் எப்படி, எந்த மரம், படுக்கப் பலகை எங்கே, எத்தனை விளக்கு, நெத்தியில் எந்த சாமி, எல்லாம் முதலாளி பக்கத்தில் நின்று சொல்லச் சொல்லத்தான் உருவாகும். உண்மையான ஆப்ஷன் லிஸ்ட் என்றால் அதுதான்.

"படுக்கப் பலகை கேட்டவன்கிட்ட ஆரன் செட்டும் சேர்த்துத்தான் தருவேன்னு நாங்க சொல்லியிருந்தா லாரிக்காரன் அடிக்க வந்திருப்பான் மாப்ள" என்றார்.

"காருக்கு அப்படித்தாங்க மாமா."

"அப்ப நீ வாங்கலை. அவன் விக்கறான்."

அந்த உலகமும் சுருங்கிட்டு இருக்கு. லாரிக்கும் பாடி விதிகள் வந்தாச்சு, கம்பெனியே முழு லாரியா விக்கிறது கூடிப்போச்சு.

வேரியன்ட் கணக்கில் இன்னொரு கோடு இருக்கு, இதை மாநில அரசு போட்டது. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5-லிருந்து 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் சாலை வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டினால் 18, அதுவும் தாண்டின தொகைக்கு மட்டும் இல்லை, மொத்த விலைக்கும். 9.99 லட்சம் காருக்கு வரி 1,29,870 ரூபாய். 10.01 லட்சம் காருக்கு 1,80,180. ரெண்டாயிரம் ரூபாய் விலை வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரம் வரி! 2023 செப்டம்பரில் என்-லைனின் ஆரம்ப 'என்6' மேனுவல் சரியா 9.99 லட்சத்துக்கு வந்தது தற்செயல் இல்லைன்னு நினைக்கிறேன். இந்த ஏற்றத்துக்கு முன்னாடியும் கோடு 10 லட்சத்தில்தான் இருந்தது, சதவீதம்தான் 10-ம் 15-ம்.

ரேசரின் அறிமுக விலையில் ஆர்1 9.49 லட்சம், ஆர்3 10.99 லட்சம். விலை வித்தியாசம் ஒன்றரை லட்சம், வரி வித்தியாசம் கிட்டத்தட்ட 75 ஆயிரம். சீட்டில் வரும் காத்துக்கும் கூரைக்கும் ரெண்டேகால் லட்சம். ஆர்3 இன்ஷூரன்ஸுக்கு முன்னாடியே 13 லட்சத்தைத் தொட்டு நிற்குது, அதனால வீட்டு லிமிட்டில் அது அங்கேயே அவுட். இன்ஜின், பிரேக், ஆறு ஏர்பேக் மூணுக்கும் ஒண்ணுதான்.

என்-லைனா ரேசரா என்பதில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக் இருக்கிறது என்-லைனின் பலம். அதன் கியர்பாக்ஸும் கைக்கு மென்மை. ஆனா குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்ட்ராஸுக்கு 2020-ல் ஐந்து நட்சத்திரம், ஐ20-க்கு 2022-ல் மூன்று. ரெண்டுமே ரெண்டு ஏர்பேக்கோட சோதிச்சது. இப்போ என்-லைனில் ஆறு ஏர்பேக் போடறாங்க, ஆனா காரின் கூடு அதேதானே. தொப்பூர் கணவாய் வழியா மாசம் ரெண்டு தடவை பெங்களூர் போய் வர்ற ஆளுக்கு இது சின்ன விஷயம் இல்லை. பின் சீட்டில் பொண்ணு உட்கார்ந்திருப்பா.

சொல்லாம விட்ட ஒண்ணு: ஐரோப்பாவில் 'லைன்' இல்லாத வெறும் ஐ20 என் இருந்துச்சு. 1598 சிசி, 204 குதிரைத்திறன். ஏன் இங்கே வரலைன்னு இனி நான் சொல்லத் தேவையில்லை.

ரேசர் ஆர்1, மேனுவல். வேற கியர்பாக்ஸ் அதில் கிடையாது. ரோட்டில் இறங்கும்போது 12-க்குள்ள நிற்குது. ஏற்காடு மாதிரி 1500 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சுமார் 15 சதவீதம் குறையும், சாதா இன்ஜின் அங்கே மூச்சு வாங்கும். டர்போவுக்கு அந்தக் கவலை குறைவு. மிச்சம் இருக்கிற காசில் ரெண்டு வருஷம் கழிச்சு நல்ல டயர் நாலு மாத்தலாம். சீட்டுக்கு எங்க அம்மா ஈரோட்டிலிருந்து ஒரு பருத்தித் துண்டு வாங்கி வெச்சிருக்காங்க.