நடூரும் வாச்சாத்தியும்: பிள்ளைகளின் காயம் ஆறும் வழி

2019 டிசம்பர் 2, விடியற்காலை. விடாத மழையில், மேட்டுப்பாளையம் நடூர் ஆதிதிராவிடர் காலனியை ஒட்டி எழுப்பப்பட்டிருந்த சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் சரிந்து வீடுகளின் மேல் விழுந்தது. உறக்கத்தில் இருந்த 17 பேர் இறந்தார்கள். எல்லோரும் அருந்ததியர். பாதிக்கு மேல் பெண்கள்; சிறுபிள்ளைகளும் உண்டு. சுவர் ஆபத்தாக நிற்கிறது என்று காலனி மக்கள் முன்பே சொல்லிவந்ததும், அது தீண்டாமைச் சுவர்தான் என்று நம் இயக்கங்கள் குற்றம் சாட்டியதும், மருத்துவமனை முன் போராடியவர்களைப் போலீஸ் அடித்து விரட்டியதும், நாகை திருவள்ளுவன் உள்ளிட்டோர் கைதானதும் இங்கே கூடியிருக்கும் பலருக்கும் நேரில் தெரிந்த செய்திகள். தன் மகனையும் மகளையும் ஒருசேர இழந்த ஒரு தந்தை, அவர்களின் கண்களைத் தானமாகக் கொடுத்துவிட்டுத்தான் அழுதார் என்பதும் தெரியும்.

நாம் பேச எடுத்துக்கொண்டது உயிரோடு எஞ்சிய பிள்ளைகளைப் பற்றி. பக்கத்து வீடு இருந்த இடத்தில் மண்மேட்டைப் பார்த்த பிள்ளைக்கு அடுத்த ஐப்பசி மழை எப்படி இருக்கும்? இந்தக் கேள்வியைக் கேட்கும் அதிகாரி எந்தத் துறையில் இருக்கிறார்?

அரசு தன் கணக்கை விரைவாகவே முடித்தது. குடும்பத்துக்கு நிவாரணத் தொகை, ஒருவருக்கு அரசு வேலை, வீடு என்று அறிவிப்பு வந்தது. சுவரின் உரிமையாளர் கைதாகிப் பிணையில் வந்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிய வேண்டும் என்பது போராடியவர்களின் முக்கியமான கோரிக்கை. வெளியே இருப்பவர்கள் இதைத் தண்டனை பற்றிய கோரிக்கை என்று மட்டும் நினைத்தார்கள். அது பிள்ளைகளைப் பற்றிய கோரிக்கையும்கூட. அந்தச் சட்டத்தின் 1995-ஆம் ஆண்டு விதிகளை எடுத்துப் பாருங்கள். கொலை நடந்த வீட்டுக்குப் பணத்தோடு, மூன்று மாதத்துக்கு அரிசி, பருப்பு, பாத்திரங்கள் தரவேண்டும்; பிள்ளைகளின் படிப்புச் செலவையும் பராமரிப்பையும் அரசு ஏற்க வேண்டும். 2016 திருத்தத்துக்குப் பிறகு அது பட்டப்படிப்பு வரைக்கும். ‘மழையால் நேர்ந்த விபத்து’ என்று எழுதினால் ஒரு காசோலையோடு கதை முடிகிறது. ‘சாதியக் கொடுமை’ என்று எழுதினால் ஒரு குழந்தை வளர்ந்து ஆளாகும்வரை அரசு பொறுப்பாளி. முதல் தகவல் அறிக்கையில் எந்தச் சட்டப்பிரிவு என்பதற்குள் ஒரு சிறுமியின் கல்லூரி இருக்கிறது.

அதே விதிகளில் நமக்கு உடன்பாடில்லாத இடமும் உண்டு. பிள்ளைகளை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கலாம் என்கிறது விதி. படிப்புக்கு நல்லதுதான். ஆனால் தாயையோ தகப்பனையோ இழந்த ஆறு வயதுப் பிள்ளையை, அதை இன்னும் பெயர் சொல்லிக் கூப்பிடும் தெருவிலிருந்தும் பிரித்துக் கொண்டுபோவது மருந்தாகுமா? இதற்கு விடை தேடித்தான் நாம் கொங்கின் வடகிழக்கு ஓரத்துக்கு, சித்தேரி மலையடிவாரத்துக்குப் போகவேண்டியிருக்கிறது.

வாச்சாத்தி. 1992 ஜூன் 20. சந்தனமரக் கடத்தலைத் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்த 269 பேர் அந்த மலையாளிப் பழங்குடிகளின் ஊருக்குள் நுழைந்தார்கள். அடித்தார்கள், வீடுகளை நொறுக்கினார்கள், ஆடு மாடுகளைக் கொன்று தின்றார்கள், தானியத்தையும் கிணற்றையும் பாழாக்கினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அதில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமியும் உண்டு. பிறகு 133 பேரைச் சேலம் சிறையில் அடைத்தார்கள். 90 பெண்கள், 15 ஆண்கள், 28 குழந்தைகள்.

அந்த 28 என்ற எண்ணில் கொஞ்சம் நிற்போம். வாச்சாத்தியைப் பற்றிய எழுத்துகளில் அது பெரும்பாலும் ஒரு காற்புள்ளிக்கும் அடுத்த காற்புள்ளிக்கும் நடுவே வந்துபோகிறது. தாயை அடிப்பதைப் பார்த்த பிள்ளைகள், தாயோடு சிறைக்குப் போன பிள்ளைகள். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, குடிக்கத் தண்ணீரும் இல்லை. அரசின் பார்வையில் அவர்கள் திருடர்களின் பிள்ளைகள்.

அவர்களுக்கு உளவியல் மருத்துவர் எவரையும் அரசு அனுப்பவில்லை. வந்தவர்கள் தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கத்தினர், மார்க்சிஸ்ட் கட்சியினர், மாதர் சங்கத்தினர். பெ. சண்முகம் போன்றவர்கள் மலையில் பதுங்கியிருந்தவர்களைத் தேடிப் பேசினார்கள். மைதிலி சிவராமன் போன்ற பெண்கள் பெண்களிடம் கேட்டார்கள். தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் பாமதி நேரில் வந்து விசாரித்து எழுதிய அறிக்கை வழக்குக்கு முதுகெலும்பானது. அ. நல்லசிவன் நீதிமன்றம் போனார்; வழக்கு மத்தியப் புலனாய்வுத் துறைக்கு மாறியது. 2011 செப்டம்பர் 29 அன்று தர்மபுரி நீதிமன்றம், அதற்குள் இறந்துபோன 54 பேர் நீங்கலாக, மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்கு முன் நீதிபதி வேல்முருகன் ஊருக்கே வந்து பார்த்திருந்தார்.

1992-இல் மூன்று வயதுப் பிள்ளையாகச் சிறைக்குப் போன ஒருவருக்கு முதல் தீர்ப்பின்போது 22 வயது, இரண்டாவதின்போது 34. அவர் வளர்ந்த காலம் முழுக்க அந்த ஊரில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. தாய்மார்கள் வேலையை விட்டுவிட்டு வாய்தாவுக்குப் போவதும், சங்கத்துக்காரர்கள் வந்து உட்கார்ந்து பேசுவதும் பிள்ளைகளின் அன்றாடம். குற்றம் செய்தவர்கள் யார் என்பதை அந்தப் பிள்ளைகள் தம் ஊரின் வாயாலேயே கேட்டு வளர்ந்தார்கள். வல்லுறவுக்கு ஆளான பெண்ணை ஒதுக்கிவைப்பது ஊருக்கு எளிதான வழியாக இருந்திருக்கும்; வாச்சாத்தி அந்த வழியில் போகவில்லை, அவமானத்தை அதற்குரியவர்களின் தலையில் தூக்கி வைத்தது. இதனால் எல்லாம் ஆறிவிட்டது என்று சொல்ல நாம் யார்? 31 ஆண்டு காத்திருப்பே ஒரு தனிச் சித்திரவதை. ஆனாலும் பிள்ளைகளுக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் எங்கிருந்து வந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே 1992-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன், மனக்காயமும் அதிலிருந்து மீள்வதும் பற்றிய தன் புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். தனிமையில் யாரும் மீள்வதில்லை, உறவுகளுக்குள்தான் மீள்கிறார்கள், நடந்ததைச் சுற்றியிருப்போர் ஒப்புக்கொள்வது அதில் பெரும்பங்கு என்பது அதன் சாரம். அரூர்ப் பக்கம் யாரும் அதைப் படித்துவிட்டுச் செயல்படவில்லை.

மருத்துவம் வேண்டாம் என்பதல்ல நம் வாதம். 2004 சுனாமிக்குப் பிறகு பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம், தமிழ்நாட்டுக் கடற்கரை ஊர்களில் உள்ளூர் ஆட்களுக்கே பயிற்சி கொடுத்து, பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குள் அனுப்பியது. கடல் கொன்றால் கிடைத்த அந்தப் பயிற்சி, சாதி கொன்ற காலனிகளுக்கு ஏன் வரக்கூடாது? அங்கன்வாடிப் பணியாளர், காலனியில் படித்த இளைஞர், பள்ளியின் ஒரு நல்ல ஆசிரியர் போதும், தொடங்குவதற்கு.

தொடங்கியவர்களும் நம்மிடம் உண்டு. 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். தலையில் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா, சங்கரின் ஊரான குமரலிங்கத்தில் பிள்ளைகளுக்கு மாலைநேர வகுப்பு தொடங்கினார். அந்தத் தெருவின் பிள்ளைகள் தங்கள் அண்ணனின் கொலையைக் கைபேசிகளிலும் தொலைக்காட்சியிலும் ஓயாமல் பார்த்தவர்கள். அவர்களுக்குச் சாயங்காலம் போக ஓர் இடம், எதிரே தங்களைப் போலவே காயப்பட்ட ஓர் ஆள். அருந்ததியர் தலைவர் எல்.சி. குருசாமி நூறாண்டுக்கு முன் சென்னையில் நடத்திய இரவுப் பள்ளிகளின் வழிதான் இதுவும்.

ஆகவே களத்துக்குப் போகும் மாணவர்களிடம் ஒன்று கேட்கிறோம். உண்மையறியும் குழு எழுதும் அறிக்கையில் இறந்தோர், காயம்பட்டோர், சட்டப்பிரிவு, நிவாரணத்தோடு இன்னொரு பத்தி சேரட்டும்: அந்தத் தெருவில் பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வயது, என்ன பார்த்தார்கள், பள்ளிக்குத் திரும்பினார்களா, இரவில் தூங்குகிறார்களா, யாரிடம் பேசுகிறார்கள். ஆறு மாதம் கழித்து அதே ஆட்கள் திரும்பப் போய் அதே கேள்விகளைக் கேட்கட்டும். மழைக்காலத்தில் போனால் இன்னும் நல்லது.