பித்தப்பையும் பிந்தி வரும் நோவும்

திருக்கோணமலைத் துறைமுகத்தின் வாயில் ஒடுங்கியது. உள்ளே கிடக்கும் நீர்ப்பரப்போ பெரிது. சிறுவாயில் வழியே புகுந்து பேரிடத்தை ஆளும் வித்தையை இவ்வூர் மாலுமிகள் நன்கறிவர். வைத்திய உலகம் அதைப் பித்தப்பையிற் கையாளக் கற்றதோ மிக அண்மையிலேதான்.

ஈரலின் கீழுள்ள அச்சிறு பையிற் கல் விளைந்தால், முன்னாளிற் கல்லை எடுத்துப் பையை விட்டுவைத்தனர்; கல் மீண்டும் விளைந்தது. 1882 ஜூலை 15ஆம் நாள் பேர்லின் நகரிற் கார்ல் லாங்கென்புக் என்பார், பல்லாண்டுகள் வருந்திய 43 வயதினர் ஒருவரின் பையையே அகற்றினார். நோயாளி பிழைத்தார். அதற்கு முன்னரே, 1867இல், மானிப்பாயில் வைத்தியம் கற்பித்த சாமுவேல் கிறீன் ‘இரண வைத்தியம்’ என்னும் நூலால் சத்திரசிகிச்சையைத் தமிழிற் பேசவைத்துவிட்டார் என்பதையும் மறத்தலாகாது.

அதன்பின் ஒரு நூற்றாண்டு, வயிற்றை நீளக் கீறுவதே வழக்கமாயிற்று. 1985 செப்டெம்பர் 12ஆம் நாள் ஜேர்மனியின் பொப்லிங்கென் நகரில் எரிச் மூகே சிறு துளை வழியே பித்தப்பையை எடுத்தார். பாராட்டுக்குப் பதில் ஏளனமே கிடைத்தது. நோயாளி ஒருவரின் இறப்பைத் தொட்டு வழக்கும் எழுந்தது. 1990இலேதான் அவர் குற்றமற்றவரெனத் தீர்ந்தது. இதற்கிடையே 1987இற் பிரான்சின் லியோன் நகரிற் பிலிப் மூரே செய்த சிகிச்சையோடு அம்முறை உலகெங்கும் பரவிற்று. முந்தியவருக்கு வழக்கு, பிந்தியவருக்குப் புகழ்!

தழும்பு சிறியது, நோயாளி விரைவில் வீடு திரும்புகின்றார். ஆயினும் சிலரிடத்து நோவு பின்னரே தலைகாட்டும். பையை எடுக்கையிற் கிழிந்து வயிற்றுக்குட் சிந்திய கல், மாதங்களோ ஆண்டுகளோ கழித்துச் சீழ்க்கட்டாகலாம். பித்தநாளத்தில் தங்கிய கல் செங்கண்மாரியையும் குளிர்காய்ச்சலையும் விளைக்கலாம். எல்லாவற்றினும் கொடியது நாளமே காயப்படுதல். ஆயிரம் பேரில் ஏறத்தாழ மூவர் முதல் ஐவருக்கு இது நேரும் என்பர். காயம் ஆறுகையில் நாளம் சுருங்கினாற் பித்தம் தேங்கி, கவனியாது விடப்பட்டால் ஈரலும் கெடும். துளையிட்ட இடத்திற் குடல் பிதுங்குவதும் உண்டு.

இத்துன்பம் நெடுநாட் கழித்து வருவதால், ‘பித்தப்பைதான் போய்விட்டதே!’ என்று நோயாளி பழைய சிகிச்சையைச் சொல்லாது விடுவதே பேரிடர். 2009இற் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரையில், களப்புக்கு அப்பாலிருந்து ஆசுபத்திரிக்கு வருவோர் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அத்தடை இன்றில்லை. கண் மஞ்சளித்து, சிறுநீர் கறுத்து, நடுக்கத்தோடு காய்ச்சல் கண்டவர், பழைய சீட்டோடு அன்றைக்கே புறப்படலாம். சீட்டுத் தொலைந்திருப்பினும் தொப்புளருகேயுள்ள தழும்பைக் காட்டினாற் போதும். வைத்தியர் ஒலியலைப் படத்தால் நாளத்தைப் பார்ப்பார். அங்கே கல்லிருப்பின், வாய்வழியே செலுத்தும் குழாயினால், வயிற்றைக் கீறாமலே பெரும்பாலும் அதை எடுத்துவிட இயலும்.