காஞ்சியில் ஓர் அரைநாள்: சுவரில் எஞ்சிய ஓவியங்கள்

ஒரகடத்துத் தொழிற்சாலை ஒன்றில் இயந்திரம் நிறுவ வந்த வங்காள நண்பர் ஒருவர், சென்ற ஆண்டு தண்டலத்தில் எங்கள் தெருவில் மூன்று வாரங்கள் தங்கியிருந்தார். ஓவியப் பித்தர். வேலை நிமித்தம் எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள கலைக்கூடத்தில் ஒரு மணி நேரமாவது செலவழிக்காமல் திரும்புவதில்லை என்பது அவர் தமக்கு விதித்துக்கொண்ட நெறி. பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் மோனலிசாவைப் பார்க்கப் போய், முன்னால் நின்றவர்களின் தலைகளைப் பார்த்துவிட்டு வந்ததாகச் சொல்லிச் சிரிப்பார். ஊர் திரும்புவதற்கு முந்தைய சனிக்கிழமை இரவு அவர் கேட்டார்: "நாளை ஒரு வேளைதான் எனக்கு ஓய்வு. உங்கள் நாட்டில் பார்த்தே தீர வேண்டிய ஓவியம் எது?"

சிற்பம் எது என்று கேட்டிருந்தால் மூச்சு விடாமல் பத்துப் பெயர் சொல்லியிருப்பேன். ஓவியம் என்றதும் நா எழவில்லை. இத்தனைக்கும் ஓவியம் பார்க்கப் போவது நமக்குப் புதிய பழக்கமன்று. திருப்பரங்குன்றத்துக்கு வந்தவர்கள் அங்கிருந்த எழுத்துநிலை மண்டபத்தில் ஓவியங்களைச் சுட்டி, இவர் யார் என்று வினவுவதும், உடன் வந்தவர்கள் ரதி என்றும் காமன் என்றும் அகலிகை என்றும் விளக்குவதும் பரிபாடலில் வருகின்றன. இன்றைய அருங்காட்சியகங்களில் வழிகாட்டி செய்யும் வேலைதான் அது. வழிகாட்டியைப் பற்றிய பாட்டு எஞ்சியிருக்கிறது, ஓவியம் போய்விட்டது.

தண்டலத்தில் நெடுஞ்சாலையோரம் நின்றால் இரண்டு திசைகள் உண்டு. கிழக்கே போனால் எழும்பூர். 1851இல் தொடங்கிய அந்த அருங்காட்சியகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அமராவதிச் சலவைக்கல்லுக்காகவும் சோழர் செப்புத் திருமேனிகளுக்காகவும் எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ரவிவர்மாவின் எண்ணெய் வண்ண ஓவியங்களையும் அங்கே காணலாம். 1873இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றதிலிருந்துதான் அவருடைய புகழ் பரவியது என்பதால் அவருக்கும் சென்னைக்கும் உறவு பழையது. ஆயினும் ஐரோப்பிய வழிவந்த எண்ணெய் ஓவியங்களை நண்பர் கொல்கத்தாவிலேயே ஆசை தீரப் பார்த்தவர். நான் மேற்கே திரும்பினேன். ஸ்ரீபெரும்புதூரையும் சுங்குவார்சத்திரத்தையும் தாண்டி வெள்ளைகேட்டில் திரும்பினால் காஞ்சிபுரம்.

காஞ்சி பட்டுக்கும் கோயிலுக்கும் பெயர் பெற்ற ஊர். ஓவியத்துக்காக அங்கே போவாரைக் காண்பது அரிது. ஆனால் இங்கிருந்து ஆண்ட முதலாம் மகேந்திரவர்மனின் விருதுப்பெயர்களில் ஒன்று சித்திரகாரப்புலி. ஊருக்குத் தெற்கே மாமண்டூர்க் குடைவரையில் சிதைந்து கிடக்கும் கல்வெட்டில் 'தட்சிணசித்திரம்' என்ற சொல் வருகிறது. ஓவியக்கலை பற்றி அவன் எழுதிய நூலையோ உரையையோ அது குறிக்கும் என்பது அறிஞர் துணிபு. நூலும் இல்லை, அவன் தீட்டியது என்று காட்ட ஒரு கோடும் இல்லை. அவனுக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து, எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்மன் எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில்தான் காஞ்சியின் பழைய வண்ணங்கள் நம் கண்ணுக்குக் கிடைக்கின்றன.

அந்தக் கோயிலின் திருச்சுற்றில் மதிலை ஒட்டி வரிசையாகச் சிற்றாலயங்கள் உள்ளன. எண்ணினால் 58. ஒவ்வொன்றும் ஓர் ஆள் குனிந்து நுழையும் அளவே. வருகிறவர்கள் யாளித் தூண்களின் அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நாங்கள் ஒவ்வொரு மாடமாகக் குனிந்து எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பலவற்றில் வெறும் சுண்ணப் பற்று. சிலவற்றில் ஒரு தோள், ஓர் அணிகலனின் வளைவு, காவி நிறத்தில் ஒரு புருவம். பிறகு ஒன்றில் சோமாஸ்கந்தர்.

உமையும் சிவனும் அமர்ந்திருக்க நடுவே குழந்தை முருகன். படத்தில் பார்த்துப் பழகியவர்கள் நேரில் ஏமாற்றம் அடைவார்கள் என்று முன்பே சொல்லிவிடுகிறேன். முழு உருவம் எதுவும் இல்லை. பூச்சு உதிர்ந்த இடங்களில் பொத்தல் பொத்தலாக வெண்மை. எஞ்சியது பெரும்பாலும் செங்காவிக் கோடு. ஆனால் அந்தக் கோடு! உமையின் இடையிலிருந்து தொடைக்கு இறங்கும் வளைவில் கை நடுங்கிய தடமே இல்லை. ஈரம் காய்வதற்குள் போட்டுவிட வேண்டும் என்ற அவசரமும், போடத் தெரிந்தவனின் நிதானமும் ஒன்றாகத் தெரிகின்றன.

அழிந்த பகுதியை மனத்தில் நிரப்பிக்கொள்ள ஒரு வழி உண்டு. சோமாஸ்கந்தர் ராஜசிம்மன் காலக் கோயில்களின் முத்திரை போன்ற வடிவம். கருவறைப் பின்சுவரில் அதைக் கல்லில் செதுக்குவார்கள், இதே கோயிலிலும் செதுக்கியிருக்கிறார்கள். முதலில் கல்லில் உள்ளதை நன்றாகப் பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தால், சிவனின் மடித்த கால் எங்கே இருந்திருக்கும், உமை எந்தப் பக்கம் சாய்ந்திருப்பாள் என்பது தானாகக் கண்ணில் எழும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஓவியத்தைப் பார்த்தபின் சிற்பத்திடம் திரும்பினால், அதன் மேல் இருந்த வண்ணம் நினைவுக்கு வரும். அந்த மணற்கல் முழுவதும் ஒரு காலத்தில் சுண்ணம் பூசி வண்ணம் தீட்டப்பட்டிருந்தது. இன்று பழுப்பாக நிற்கும் கோயிலை ரசிக்கும் நாம், பெரிய ஓவியம் ஒன்றின் எலும்பைத்தான் ரசிக்கிறோம்.

இவற்றை அழித்தது யார்? படையெடுப்பு என்று சொல்லி முடித்துவிடுவது எளிது. காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் இந்தக் கோயிலின் செல்வத்தைக் கண்டு, அதை எடுக்காமல் இறைவனுக்கே திருப்பி அளித்ததாக இங்கே தூணில் கன்னடத்தில் கல்வெட்டு வெட்டி வைத்திருக்கிறான். பரம்பரைப் பகைவன் அவன். அவன் விட்டுவைத்ததன் மேல், பின்வந்த பக்தர்கள் திருப்பணி என்று சாந்தையும் வெள்ளையையும் அப்பினார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். ஆனால் வரலாறு அவ்வளவு நேர்க்கோடாக இல்லை. 1931இல் புதுச்சேரிப் பேராசிரியர் ழுவோ துப்ரேய் இந்த மாடங்களில் பூச்சுக்கு அடியில் ஓவியம் இருப்பதைக் கண்டுபிடித்தபோது, அதுவரை அதைக் காற்றிலிருந்தும் புகையிலிருந்தும் காத்துவந்தது அந்தப் பூச்சுதான். மறைத்ததும் அது, காத்ததும் அது. சித்தன்னவாசல் ஓவியங்களை உலகறியச் செய்தவர்களில் ஒருவரும் இதே துப்ரேய்தான்.

அதே 1931இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கருவறையைச் சுற்றிய இருட்டு நடையில் எஸ். கே. கோவிந்தசாமி சோழர் ஓவியங்களைக் கண்டார். அவற்றை மூடியிருந்தது சுண்ணாம்பன்று, நாயக்கர் கால ஓவியம். ஒரு காலத்தை உரித்தால்தான் இன்னொரு காலத்தைப் பார்க்க முடியும் என்ற தருமசங்கடம். பிற்பாடு தொல்லியல் துறையினர் மேலடுக்கைச் சிதைக்காமல் பெயர்த்தெடுத்துத் தனிப் பலகைகளில் பதித்து, இரண்டையும் காப்பாற்றினார்கள். ஆனால் அந்தச் சோழர் ஓவியங்களைப் பொதுமக்கள் எளிதில் போய்ப் பார்த்துவிட முடியாது. அரைநாள் விருந்தினருக்கு நான் தஞ்சையைச் சொல்லாததற்குத் தூரம் மட்டும் காரணமன்று.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு இங்கே ஒரு நன்றி சொல்ல வேண்டும். 1930களில் அதன் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் தென்னாட்டுச் சுவரோவியங்களின் சாந்தையும் வண்ணத்தையும் துகள் துகளாக ஆராய்ந்தார். அதே அருங்காட்சியகம் 1934இல் டி. என். ராமச்சந்திரன் எழுதிய நூல் ஒன்றை வெளியிட்டது. காஞ்சிக்கு அருகில் உள்ள ஒரு சிற்றூரின் கோயில்களைப் பற்றிய நூல் அது. அந்த ஊருக்குத்தான் அடுத்துப் போனோம்.

திருப்பருத்திக்குன்றம். சமணக் காஞ்சி என்று பெயர். ஊரைத் தாண்டி வேகவதிப் பக்கம் போனால் திரைலோக்கியநாதர் கோயில், கூட்டமே இல்லை. அங்குள்ள சங்கீத மண்டபத்தை 1387-88இல் கட்டியவர் விஜயநகரத் தண்டநாயகர் இருகப்பர். ஹம்பியில் இன்று கணிகித்தி கோயில் என்று வழங்கும் ஜினாலயத்தை எழுப்பியவரும் அவரே. மண்டபத்து விதானம் முழுவதும் ஓவியம். பழைய அடுக்கில் கொஞ்சம், அதற்குப் பின்வந்த காலத்தது மிகுதி. ரிஷபர், வர்த்தமானர், நேமிநாதர் ஆகியோரின் வாழ்க்கை வரிசை வரிசையாகப் பட்டைகளில் ஓடுகிறது. நேமிநாதருக்குக் கண்ணன் உறவினன் என்பது சமண மரபு. ஆகவே கண்ணன் கதையும் அங்கே உண்டு.

பல்லவன் கோட்டைப் பார்த்த கண்ணுக்கு இந்த விதானம் சற்றுத் தட்டையாகத் தோன்றும். பக்கவாட்டு முகங்கள், கூரிய மூக்கு, ஒரே மாதிரி நிற்கும் பரிவாரம். நானும் பல ஆண்டுகள் இதை இரண்டாந்தரம் என்றே நினைத்திருந்தேன். ஓவியமாகப் பார்க்காமல் கதையாகப் படிக்க வேண்டியது அது என்பது பிறகுதான் விளங்கிற்று. படங்களின் கீழே என்ன நடக்கிறது என்று தமிழில், கிரந்த எழுத்துக் கலந்து, எழுதி வைத்திருக்கிறார்கள். படத்துக்குக் கீழே விளக்கம் எழுதும் வழக்கத்தை அருங்காட்சியகங்களிடமிருந்து நாம் கற்கவில்லை.

வரதராசர் கோயிலில் மண்டபமொன்றின் விதானத்தில் ரதியும் மன்மதனும் இருக்கிறார்கள், விஜயநகர காலத்தவர்கள். பரிபாடல்காரர் பார்த்த ரதி போய்விட்டாலும் இந்த ரதியையாவது காட்ட எண்ணியிருந்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நடை சாத்திவிட்டார்கள். ஆகவே வாசகர்கள் அதை முதலில் வைத்துக்கொள்ளலாம். வெயில் ஏறிய பிறகு கைலாசநாதர் மாடங்களுக்குள் ஓரளவு வெளிச்சமும் இருக்கும். கைவிளக்கை நேரே ஓவியத்தின் மேல் அடிக்க வேண்டாம். மாடத்துக்குள் நுழைந்து ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தால் கண் பழகிவிடும். முழுநாள் வாய்த்தவர்கள் விழுப்புரம் பக்கம் பனைமலைக்குப் போய், அதே ராஜசிம்மன் கோயிலில் குடைநிழலில் நிற்கும் உமையையும் பார்க்கலாம். காஞ்சியில் இழந்த முகம் அங்கே கிடைக்கும்.

இருபது ஆண்டுகளுக்கு முன் முதன்முதலாகப் பார்த்தபோது குழந்தை முருகனின் கோடு இன்னும் தெளிவாக இருந்தது போல எனக்கு ஒரு நினைவு. கோடு மங்கியதா, என் பார்வை மங்கியதா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. திருப்பருத்திக்குன்றத்து மண்டபத்தில் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு, "கீழே எழுதியிருப்பதைப் படியுங்கள்" என்றார். அண்ணாந்து, கழுத்து வலிக்க, எழுத்துக் கூட்டிப் படித்தேன். தேய்ந்த இடங்களில் நிறுத்தினேன். நான் சொல்லச் சொல்ல அவர் அதை வங்காள எழுத்தில் குறித்துக்கொண்டே வந்தார். இரண்டாவது பட்டை முடிவதற்குள் அவருடைய வண்டிக்கு நேரமாகிவிட்டது.