புள்ளிவிபரமும் பொதுமேடையும்

எண்களை மக்கள் முன் பேசவைக்கும் முயற்சி கணினியோடு தோன்றியதன்று. 1925ஆம் ஆண்டில், சமூக சனநாயகக் கட்சியின் ஆட்சியிலிருந்த வியன்னா நகரில் ஒட்டோ நொய்ராத் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தை நிறுவினார். பிறப்பு, இறப்பு, வீட்டுவசதி, நோய் பற்றிய தொகைகள் அங்கு சிற்றுருவங்களாக வரையப்பட்டன. தொகை பெருகினால் உருவம் பெருப்பதில்லை. உருவங்களின் எண்ணிக்கையே பெருகும். எளிய விதிதான். ஆயினும், பார்ப்பவர் தாமே எண்ணி முடிவுக்கு வரவல்லவர் என்ற நம்பிக்கை அதனுள் அடங்கியுள்ளது. 1934இல் ஆஸ்திரியத் தொழிலாளர் இயக்கம் நசுக்கப்பட்டபோது நொய்ராத் ஹேக் நகருக்குப் புலம்பெயர நேர்ந்தது.

இம்மரபின் பிற்கால வாரிசாகச் சுவீடன் நாட்டு மருத்துவர் ஹான்ஸ் ரொஸ்லிங்கை (1948–2017) நாம் கொள்ளலாம். மொசாம்பிக்கில் மருத்துவப் பணியாற்றிப் பின் கரொலின்ஸ்கா நிறுவகத்தில் பேராசிரியரான அவர், 2006இல் கலிபோர்னியாவில் நிகழ்த்திய உரையால் உலகப் புகழ் பெற்றார். நாடுகள் குமிழ்களாகத் திரையில் நகர, விளையாட்டுப் போட்டியை வருணிப்பவர்போல் மூச்சுவிடாது விளக்கிச் சென்றார். (மறு ஆண்டு மேடையில் வாளொன்றையும் விழுங்கிக் காட்டினார். அது வேண்டியிருந்ததா என்பது வேறு விடயம்.)

அவ்வுரையின் தொடக்கம் எமக்கு நேரடியாக உரியது. சிறுவர் இறப்பு எந்த நாட்டில் அதிகம் என ஐந்து இணைகளைத் தந்து தம் மாணவரை அவர் சோதித்திருந்தார்; அவற்றுள் ஒன்று இலங்கையும் துருக்கியும். ஐந்தில் சராசரியாக 1.8 விடைகளே சரியாயின. நாட்டுப் பெயர் பொறித்த இரு வாழைப்பழங்களைச் சிம்பன்சியிடம் நீட்டினாலே பாதி சரியாகியிருக்கும் என்றார். அவை சிரித்தது. மாணவரைத் தவறச் செய்தது அறியாமையன்று. மேற்குக்கு அண்மையிலுள்ள நாடே முன்னேறியது என்ற முற்கற்பிதமே.

ஆனால், இலங்கை எவ்வாறு முன்சென்றது என்பதைக் குமிழ் கூறாது. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு, வீடுதோறும் சென்ற மருத்துவமாதர், 1931இன் சர்வசன வாக்குரிமை, 1945இன் இலவசக் கல்வி, மலேரியா ஒழிப்பு, அரிசி மானியம் ஆகியவற்றின் விளைவே அது. வாக்குரிமை இங்கு முக்கியமானது. வாக்காளரை நாடிய அரசியல்வாதி கிராமத்துக்கு வைத்தியசாலையையும் கொண்டுவர வேண்டியிருந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் வாக்கிழந்த மலையகத் தொழிலாளருக்கு அந்த வழி அடைபட்டது. அவர்தம் மருத்துவ வசதி நீண்டகாலம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பிலேயே இருந்தது.

சராசரி ஆபத்தானது என்பதை ரொஸ்லிங்கும் அறிந்திருந்தார். அதே உரையில் உகண்டா, நைஜர், தென்னாபிரிக்கா ஆகியவற்றின் குமிழ்களை வருமானப்படி ஐந்தாகப் பிரித்துக் காட்டினார். இலங்கையின் குமிழ் பிரிக்கப்படவில்லை. துறைவாரியாகப் பிரித்திருப்பின், உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1970களின் நடுப்பகுதியில், சிசு மரணம் கடுமையாக உயர்ந்த பெருந்தோட்டங்களின் குமிழ் பின்னோக்கி நகர்வதை அவையோர் கண்டிருப்பர்.